பாரீஸ் ரொட்டிக்கடையும் என் பழைய ஜன்னலும்

2023ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் பாரீசுக்குப் போய் ஐந்து வாரம் தங்கிவிட்டு வந்தேன். வந்த நாள் முதல் மாரியூரிலும் சாயல்குடியிலும் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஈபிள் டவர் பார்த்தீங்களா?" பார்த்தேன். 1889இல் கட்டி முடித்த இரும்புக் கோபுரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அங்கே ஒரு ரொட்டிக்கடையில் நடந்த சின்ன விஷயம். சின்ன விஷயம்தான், ஆனால் என் முப்பத்தொன்பது வருட அரசு உத்தியோகத்தைத் திருப்பிப் பார்க்க வைத்துவிட்டது.

என்னைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. நான் பிறந்தது மாரியூர். நாலு வயதில் அப்பா பிழைப்புக்காகக் குடும்பத்தோடு காரைக்கால் போனார். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பரிலேயே கைமாறிவிட்டாலும், சட்டப்படி முழுதாக இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு அதற்குப் பிறகும் சில காலம் ஓடியது. அப்பா என்னைப் பிரெஞ்சு வழியில் சேர்த்துவிட்டார். படித்து முடித்து வேலைக்குப் போனபோது அலுவலகமெல்லாம் ஆங்கிலம். பிரெஞ்சில் கட்டுரை எழுதிய கை, ஆங்கிலத்தில் குறிப்பெழுதப் பழகிக்கொண்டது. பழைய பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் படித்துச் சொல்ல மட்டும் எப்போதாவது என்னைக் கூப்பிடுவார்கள். 2011இல் ஓய்வு பெற்று, அப்பாவின் வீட்டைச் செப்பனிட்டு இங்கேயே வந்துவிட்டேன்.

என் தங்கையைக் காரைக்காலிலேயே கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டார் 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் 'சொல்தா வீடு' என்றால் யாருக்கும் புரியும். அவர்களுடைய மகள், என் மருமகள், பாரீசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறாள். தங்கை போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. "அம்மா இருந்த இடத்தையாவது ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க மாமா" என்று டிக்கெட் எடுத்து அனுப்பினாள். எழுபத்திரண்டு வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம்.

போய் இறங்கிய மறுநாள் காலை. மருமகள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் ரொட்டி இல்லை. தெருமுனையில் கடை இருப்பதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு உள்ளூர ஒரு குஷி. சின்ன வயதில் படித்த பிரெஞ்சை, அந்த ஊரிலேயே பேசிப் பார்க்கப் போகிறேன் அல்லவா? 'தயவுசெய்து ஒரு பகேத் கொடுங்கள்' என்பதை இலக்கணம் பிசகாமல் நாலு தடவை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பகேத் என்பது நம் முழங்கையைவிட நீளமான குச்சி ரொட்டி. அதைச் செய்யும் கைத்திறனை 2022இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ரொட்டிக்கு அவ்வளவு மரியாதை.

வரிசையில் ஐந்தாறு பேர். என் முறை வந்தது. ஒப்பித்தேன். கடையில் நின்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "போன்ழூர், முசே" என்றார். அதோடு நிறுத்திவிட்டார். கை ரொட்டிப் பக்கம் போகவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதே மாதிரி மறுபடியும், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, "போன்ழூர், முசே" என்றார். பின்னால் நின்ற ஒருவர் லேசாகச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது சூடாகிவிட்டது. "போன்ழூர், மதாம்" என்றேன். உடனே அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! ரொட்டியை எடுத்து ஒரு துண்டுத் தாளைச் சுற்றிக் கொடுத்து, சில்லறையும் கொடுத்து, இந்த நாள் உங்களுக்கு நல்லபடி போகட்டும் என்று வாழ்த்தியும் அனுப்பினார்.

சாயங்காலம் மருமகளிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இங்க நீங்க தப்பா பிரெஞ்சு பேசினாக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போன்ழூர் சொல்லாம ஆரம்பிச்சா மட்டும் மன்னிக்க மாட்டாங்க. அவங்களை மனுஷராவே நீங்க பார்க்கலைன்னு அர்த்தம்" என்றாள்.

எனக்கு வெட்கம் பிரெஞ்சு தெரியாததால் வரவில்லை. தெரிந்ததால்தான் வந்தது. காரைக்கால் பள்ளியில் வகுப்புக்குள் வாத்தியார் நுழைந்ததும் எழுந்து நின்று நாங்கள் சொன்ன முதல் வார்த்தையே 'போன்ழூர் முசே'தான். வெறும் போன்ழூர் என்று விட்டுவிட்டால் பிரம்பு பேசும், கூடவே 'முசே' வர வேண்டும். அந்த வார்த்தையை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். எதற்காக அது என்று மட்டும் ஏனோ கற்றுக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் அந்த ஐந்து வாரமும் என் கண்ணும் காதும் இதையே தேடின. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஓட்டுநரைப் பார்த்துப் போன்ழூர் சொல்கிறார்கள். லிஃப்டில் முன்பின் தெரியாதவர் நுழைந்தாலும் போன்ழூர். மருந்துக்கடை, தபாலாபீஸ், டாக்டரின் காத்திருப்பு அறை, எங்கேயும் அதுதான் முதல் வார்த்தை. சாயங்காலம் ஆனால் அது 'போன்சுவார்' ஆகிவிடும், அவ்வளவுதான். காலை வேளையில் பாரீஸ் தெருக்களில் நடைபாதை ஓரமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பச்சை உடுப்புப் போட்ட துப்புரவுப் பணியாளர்கள் குப்பையைத் தள்ளிக்கொண்டு போவார்கள். கோட்டும் டையும் போட்ட ஒருவர் அவசரமாகப் போகிறவர், அந்தப் பணியாளரிடம் வழி கேட்க நின்றார். முதல் வார்த்தை, "போன்ழூர், முசே". ரொட்டிக்கடைக்காரர் எனக்குச் சொன்ன அதே 'முசே'. என் வாத்தியாருக்கு நாங்கள் சொன்ன அதே 'முசே'.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகஸ்டில் அங்கே ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் என்று மருமகளிடம் சொல்லிவைத்தேன். காரணம் அதுவல்ல.

1984ஆம் வருடம். நான் அப்போது ஓய்வூதியப் பிரிவில் குமாஸ்தா. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். குறை என்னுடையதுதான், கட்டடத்தினுடையது அல்ல. மரச்சட்டம் போட்ட ஜன்னல், அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மனுக்காரர்கள். ஒரு வயதான அம்மாள் வந்தார். கடைநிலை ஊழியராக இருந்து இறந்துபோன புருஷனுக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு. நான் கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே, "வாரிசுச் சான்றிதழ் வேணும், வாங்கிட்டு வா" என்றேன். பத்து நாள் கழித்து வாங்கிக்கொண்டு வந்தார். "நகல்ல அதிகாரி கையெழுத்து இல்லையே, போட்டுட்டு வா" என்றேன். மூன்றாம் தடவை வந்தபோது, "போட்டோ எங்க?" என்றேன். இந்த மூன்றையும் முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதற்கு ஒருமுறை நிமிர்ந்து, இவர் யார், எழுதப் படிக்கத் தெரிந்தவரா, எங்கிருந்து வருகிறார் என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அந்த மூன்றாம் தடவை அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "தம்பி, முகத்தைக் கொஞ்சம் காட்டுங்க. நாளைக்கு வந்தா யாரைக் கேக்கிறதுன்னு தெரிய வேணாமா?"

பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைப் பல வருடம் ஒரு நகைச்சுவைத் துணுக்குப் போல வீட்டில் சொல்லியிருக்கிறேன். பாரீஸ் ரொட்டிக்கடையில், என்னை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி ஒரு பெண் காத்து நின்ற பிறகுதான், அந்த அம்மாள் கேலி பேசவில்லை, கோரிக்கை வைத்தார் என்பது புரிந்தது. புரிய முப்பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.

நான் கை நீட்டிய குமாஸ்தா அல்ல. பத்து மணி என்றால் ஒன்பதே முக்காலுக்கு என் நாற்காலியில் இருப்பேன். நேர்மையான ஊழியன் என்ற நினைப்போடுதான் ஓய்வு பெற்றேன், சால்வையும் போட்டார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு 'வாங்க' என்று சொல்லத் தெரியாமல் இல்லை. அதே ஜன்னலுக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒப்பந்தக்காரர் வந்தால், "வாங்க சார், உள்ள வந்து உட்காருங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கிறேன். அந்த அம்மாளுக்கு 'வா', அவருக்கு 'வாங்க'. சேலையையும் சட்டையையும் பார்த்து வாய் தானாகவே தீர்மானித்தது. சேலை, சட்டை மட்டுமா? சில ஊர்ப் பெயரைச் சொன்னாலே, அப்பா பெயரைக் கேட்டாலே, எந்தத் தெருக்காரர் என்று கணக்குப் போட்டு 'வா'வா 'வாங்க'வா என்று முடிவு செய்கிற பழக்கம் நம் பக்கத்தில் இருந்தது. இருந்தது என்று சொல்லிவிட்டேன், இருக்கிறதா இல்லையா என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். போன்ழூருக்குத் தமிழில் என்ன வார்த்தை என்று கேட்டால் 'வணக்கம்' என்பார்கள். மேடையில் சொல்ல அது சரி. வாழ்க்கையில் நம்முடைய போன்ழூர் 'வாங்க'தான். மாரியூரில் எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது அதுதான். என்ன விஷயமாக வந்தாய் என்று கேட்பதற்கு முன்னால் 'வாங்க', அப்புறம் தண்ணீர், அதற்குப் பிறகுதான் பேச்சு. பாரீஸ்காரர்கள்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள். ஆனால் அதே நாம், வாசற்படியைத் தாண்டி ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த வார்த்தையைத் தொலைத்துவிடுகிறோம். வீட்டில் வருகிறவர் விருந்தாளி, ஜன்னலில் வருகிறவர் தொந்தரவு. வீட்டு வாசலில் இருக்கிற 'வாங்க', ஆள் பார்க்காமல், அலுவலக ஜன்னலுக்கும் வர வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்த வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பாரீசில் லா ஷப்பேல் என்ற பகுதி இருக்கிறது. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அங்கே போனால் முருங்கைக்காய், வாழைப்பூ, கருவாடு, பட்டுப்புடவை, தமிழில் எழுதிய பெயர்ப் பலகைகள். பெரும்பாலும் 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் உண்டாக்கிய கடைவீதி. அந்தப் பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. 1985இல் தொடங்கியது. 1996 முதல் வருடாவருடம் கோடைக்காலக் கடைசியில் பாரீஸ் தெருவில் தேர் ஓடுகிறது. நான் போன சமயம் தேர்த் திருவிழா. நடுத்தெருவில் தேங்காயைக் குவித்துச் சிதறு தேங்காய் உடைக்கிறார்கள், வெள்ளைக்காரப் போலீஸ் ஓரமாக நின்று பார்க்கிறது. நம்மூர்ச் சித்ரா பௌர்ணமியில் பூவேந்தியநாதர் கோயில் வலைவீசும் படலத்துக்குக் கடற்கரையில் கூடுகிற கூட்டம் எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கே ஒரு பலசரக்குக் கடைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், என்னைப் பார்த்து, "ஐயா எவடத்தில இருந்து வாறியள்?" என்றார். ராமேஸ்வரம் பக்கம், சாயல்குடிக்கு அருகில் என்றேன். எடை போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "நானும் ராமேஸ்வரத்தால வந்தனான்தான் ஐயா. 1990ஆம் ஆண்டு. எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. படகால இறங்கி நிக்கேக்க ஒரு ஆச்சி வந்து, 'வாங்க வாங்க, பயப்படாதீங்க' எண்டு சொன்னவ. செம்பில தண்ணி தந்தவ. அதுக்குப் பிறகு எத்தனையோ நாடு, எத்தனையோ கந்தோர். எல்லாம் மறந்து போச்சு. அந்த ஆச்சியின்ர முகம் மட்டும் மறக்கேல்ல" என்றார். வெண்டைக்காய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு கிழவியின் முகத்தை இந்த மனிதர் முப்பத்து மூன்று வருடமாக வைத்திருக்கிறார். என் முகத்தைக் கேட்ட ஒருத்திக்கு நான் காட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு, 'பெரியவர் பாரீஸ் போய்விட்டு வந்து வெள்ளைக்காரன் புகழ் பாடுகிறார்' என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே நான் பார்த்த குறைகளும் உண்டு. மெத்ரோ ரயில் 1900இல் ஓட ஆரம்பித்தது, பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் இன்றைக்கும் லிஃப்ட் கிடையாது. என் முழங்காலுக்கு அந்தப் படிக்கட்டுகள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெரிய ரயில் நிலையங்களின் வாசலில் அட்டையை விரித்துப் படுத்திருக்கிறவர்களைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறார்கள். அவர்களுக்கு யாரும் போன்ழூர் சொல்லி நான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது மருமகளின் எதிர்வீட்டு அம்மாள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் லிஃப்டில் பார்ப்போம். ஒருநாள் தவறாமல் போன்ழூர். ஆனால் பதினோரு வருடம் எதிரெதிர்க் கதவில் இருந்தும், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்று என் மருமகளுக்குத் தெரியாது. "கேட்கக் கூடாது மாமா, தப்பா நினைப்பாங்க" என்றாள்.

2003ஆம் வருடம் ஆகஸ்டில் பிரான்சில் கடும் வெயில் அடித்தது. சுமார் 15,000 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் தனியாக இருந்தவர்கள். பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த மாதம் அது. பாரீசில் 57 பேரின் உடலைக் கேட்டு யாருமே வரவில்லை. செப்டம்பர் 3ஆம் தேதி தியே என்ற ஊர் இடுகாட்டில் அவர்களை அடக்கம் செய்தார்கள், ஜனாதிபதி ஷிராக்கே நேரில் வந்து நின்றார். அதற்கு மறுவருடம் சட்டம் கொண்டுவந்து, சம்பளமில்லாமல் ஒருநாள் கூடுதலாக வேலை செய்து அந்தப் பணத்தை முதியோர், ஊனமுற்றோர் நலனுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நகராட்சிகள் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் போன் செய்து விசாரிக்கின்றன. 2017 முதல் அங்கே பணம் கட்டினால் தபால்காரர் வாரம் சில தடவை வந்து உங்கள் அப்பா அம்மாவை விசாரித்துவிட்டுப் போவார். தப்பு நடந்ததும் ஒப்புக்கொண்டு ஏற்பாடு செய்தார்கள், அது அந்த நாட்டின் பெருமை. ஆனால் விசாரிப்பதற்கே சட்டமும் கட்டணமும் வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. இங்கே காலை ஒன்பது மணி வரை என் வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால், பால் ஊற்றுகிற பெண், கருப்பட்டி கொண்டுவருகிற பெரியவர், எதிர்வீட்டு மைனி, மூன்று பேராவது வந்து தட்டிவிடுவார்கள். அவர்கள் யாரும் எனக்கு ஒருநாளும் 'குட் மார்னிங்' சொன்னதில்லை.

எனவே அவர்களிடம் பாதி இருக்கிறது, நம்மிடம் பாதி இருக்கிறது. தெரியாதவரை மதிக்க அவர்கள் பழகியிருக்கிறார்கள். தெரிந்தவரை விசாரிக்க நாம் பழகியிருக்கிறோம்.

அந்த எதிர்வீட்டு அம்மாளிடம் ஒருநாள் லிஃப்டில் போன்ழூர் சொன்ன கையோடு, நம்மூர்ப் பழக்கத்தில், "சாப்பிட்டீர்களா, மதாம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப்போனார். தன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறேனோ என்று நினைத்திருக்கலாம். எங்கள் ஊரில் இப்படித்தான் கேட்போம், பதில் சொன்னால் போதும் என்று விளக்கினேன். சிரித்துவிட்டு, சூப்பும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் என்றார். மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மருமகளுக்கு ஆச்சரியம். நான் கிளம்புகிறதுக்குள் அவருக்கு இரண்டு மகன்கள், ஒருவர் கனடாவில் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை மருமகள் கதவைத் தட்டி விசாரிக்கிறாளாம்.

என் கருத்துக்கு மறுப்பும் உண்டு. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் சொன்னபோது சண்டைக்கே வந்துவிட்டார். "ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர் ஜன்னலுக்கு வந்தா, அத்தனை பேருக்கும் வாங்க வாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தா கோப்பை யார் பார்க்கிறது? காலியிடத்தை நிரப்பச் சொல்லுங்க முதல்ல" என்றார். நியாயம்தான். மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. அதற்காகக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 'வாங்கம்மா' என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகிறது. நிமிர்ந்து பார்க்காததால், அந்த அம்மாளுக்காக நான் ஒரே கோப்பை மூன்று தடவை திறந்தேன். நேரத்தைக் கணக்குப் பார்த்தாலும் எனக்கு நஷ்டம்தான்.

இன்னொருவர், "அவங்க சொல்ற போன்ழூர் எல்லாம் உதட்டளவு, உள்ளத்திலிருந்து வருவதில்லை" என்றார். இருக்கலாம். எட்டு மணி நேரம் ஒரே ஜன்னலில் உட்கார்கிறவனிடம் எல்லோருக்கும் உள்ளத்தைத் திறந்து வை என்று கேட்க முடியாது. அது நடக்கிற காரியமும் அல்ல. ஆனால் பழக்கத்தைக் கேட்கலாம். மனசு சரியில்லாத நாளிலும் பழக்கம் வேலை செய்யும். வண்டி ஓட்டுகிறவனுக்குக் கை தானாக பிரேக்குக்குப் போகிற மாதிரி. என் வாய் சட்டையைப் பார்த்து 'வா', 'வாங்க' என்று பிரித்ததும் பழக்கம்தானே? கெட்ட பழக்கம் படிந்த இடத்தில் நல்ல பழக்கமும் படியும்.

கடைசியாக, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. ரொட்டிக்கடையில் அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் வாங்கப் போன நான்தான். நாம் ரேஷன் கடையில், பேருந்தில், இ-சேவை மையத்தில் என்ன செய்கிறோம்? கண்டக்டரிடம் காசை நீட்டி, "சாயல்குடி ஒண்ணு" என்கிறோம். அவர் முகம் நமக்குத் தெரியுமா?

ஊர் திரும்பியதும் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்த ஜன்னலுக்குப் போனாலும் முதலில் உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, "வணக்கம் தம்பி" அல்லது "வணக்கம்மா", அதற்குப் பிறகுதான் காகிதம். முதல் தடவை ஒரு பையன் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டான், நான் ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்து! இரண்டாம் தடவை உட்கார்ந்தபடியே தலையாட்டினான். இப்போது என்னைப் பார்த்ததும், "வாங்க தாத்தா" என்கிறான். எனக்குச் சொல்வது பெரிதல்ல, வெள்ளை வேட்டி கட்டிய பென்ஷன்காரனுக்கு யாரும் சொல்வார்கள். போன வாரம் எனக்கு முன்னால், உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண், காலில் உப்புச் சேறு காயாமல், ஆதார் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டேன். "என்ன?" என்றான்.

நான் தலையிடவில்லை. அவள் போன பிறகு அவனிடம் மெதுவாக, "தம்பி, எனக்குச் சொல்றதை அந்தப் பொண்ணுக்கும் சொல்லலாமே" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் யாராவது எனக்கு இப்படிச் சொல்லியிருந்தால் என் முகமும் அப்படித்தான் சுருங்கியிருக்கும். இருந்தாலும், சொல்லியிருக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல ஜன்னலுக்குள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். உங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது இதைச் சொல்லுங்கள். பாரீஸ் கதை வேண்டாம். அந்த அம்மாள் கேட்டதை மட்டும் சொன்னால் போதும்.